பள்ளியின் சூழல் தடம்

நாற்பது மாணவர் அமரும் வகுப்பறை ஒன்றில் நான்கு மின்விசிறிகளும் நான்கு குழல்விளக்குகளும் ஓராண்டு முழுவதும் இயங்குவதால் காற்றில் சேரும் கரிவளி ஏறத்தாழ 390 கிலோ. அவ்வகுப்பில் பயிலும் ஒரே ஒரு பிள்ளையை ஐந்து கிலோமீட்டர் தொலைவிலிருந்து நாள்தோறும் மகிழுந்தில் கொண்டுவந்து விட்டு, மாலையில் மீண்டும் வந்து அழைத்துச் செல்வதால் சேர்வது 600 கிலோவுக்கும் மேல். நாற்பது பேருக்கு ஒளியும் காற்றும் கிடைத்ததைவிட ஒருவர் வந்துபோனது நிலவுலகின்மேல் பெருஞ்சுமையை ஏற்றியிருக்கிறது. பாடநூல்கள் கரியமில வாயு என்று கூறும் இந்தக் கரிவளியைக் கண்ணால் காண இயலாது; மூக்கால் முகரவும் இயலாது. எண்ணால் மட்டுமே அதனைக் காண முடியும்.

அவ்வெண்கள் வந்த வழியைக் காட்டிவிடுகிறேன். பழைய வகை மின்விசிறி 75 வாட்டும், குழல்விளக்கு 40 வாட்டும் கொள்பவை என வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர 460 வாட். நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 200 பள்ளி நாள் எனில் 552 அலகு மின்சாரம் செலவாகும். இந்திய மின்கட்டமைப்பில் ஓர் அலகு மின்சாரம் பிறக்க ஏறத்தாழ 0.7 கிலோ கரிவளி வெளியாகிறது. நம் மின்னாற்றலுக்கு இன்றளவும் நிலக்கரியே முதன்மை எரிபொருள் என்பதே அதற்குக் காரணம். மகிழுந்தோ காலையில் வந்து திரும்பி, மாலையில் மறுபடி வந்து திரும்புவதால் நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனக் கொண்டால் 267 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 614 கிலோ கரிவளி. ஏழாம் வகுப்பு மாணவர் போடத்தக்க பெருக்கல் இது. பள்ளியின் மின் அட்டையும் வண்டியின் ஓடுமானியும் தவிர வேறு கருவி வேண்டியதில்லை.

முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து 2.3 கிலோ வளி எப்படி வரும் என்று மாணவர் கேட்பர், கேட்கவும் வேண்டும். எரியும்போது பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு உயிர்வளி அணுக்களைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. 12 பங்கு எடையுள்ள கரி 32 பங்கு எடையுள்ள உயிர்வளியோடு கூடி 44 பங்காகிறது. கரும்பலகையில் சமன்பாடாக மட்டும் எழுதப்படும் இவ்வுண்மையைப் பள்ளி வாயிலில் நிற்கும் வண்டி வரிசைக்கு முன் வைத்து விளக்கும் ஆசிரியர், வேதியியலையும் குடிமைப் பண்பையும் ஒரே பாடத்தில் கற்பித்துவிடுகிறார்.

மாந்தர் வாழ்வு நிலவுலகின்மேல் ஏற்றும் சுமையை ஓர் அளவுகோலால் அளக்கும் முயற்சி கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. வில்லியம் ரீஸ் என்னும் பேராசிரியரும் அவர்தம் மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகலும் 1990-களின் முற்பகுதியில் ‘சூழல் தடம்’ என்னும் கருத்தை வகுத்தனர். ஒரு நகரமோ நாடோ நுகர்வதை விளைவிக்கவும், அது வெளிவிடும் கழிவை ஏற்றுக்கொள்ளவும் எத்துணைப் பரப்பு நிலமும் நீரும் வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய வினா. பின்னர், கரிவளியை மட்டும் தனித்தெடுத்து எடையாகக் கணக்கிடும் முறை பரவியது. 2001-இல் வெளிவந்த பசுமைக்குடில் வளி நெறிமுறை அக்கணக்கிற்கு மூன்று எல்லைகளை வகுத்தது. ஒரு நிறுவனம் தானே எரிப்பது முதல் எல்லை. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தின் பொருட்டு வேறிடத்தில் எரிவது இரண்டாம் எல்லை. அது வாங்கும் பொருள்கள், எழுப்பும் கட்டடம், அதனை நாடி வருவோரின் போக்குவரவு, வீசியெறியும் குப்பை ஆகிய ஏனைய யாவும் மூன்றாம் எல்லை.

பள்ளியில் சத்துணவுக் கூடத்து அடுப்பும் பள்ளிக்குச் சொந்தமான பேருந்தும் முதல் எல்லைக்குள் வரும். மின் அட்டை இரண்டாவதற்குள் வரும். இவ்விரண்டும் எளிதில் கிட்டும் எண்கள் என்பதால் பெரும்பாலான கணக்குகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. பெற்றோரின் மகிழுந்தும், அமர்த்தப்பட்ட சிற்றுந்துகளும், புதுக் கட்டடத்தின் சிமெண்ட்டும் மூன்றாம் எல்லையில் கிடப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. மூன்றாம் எல்லையை விட்டுவிட்டுத் தன்னைப் பசுமைப் பள்ளி என்று அறிவித்துக்கொள்ளும் பள்ளி, தன் மாணவருக்குத் தவறான கணக்கைக் கற்பிக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அளக்கும் பணியில் மாணவரை இறக்கும் எண்ணம் புதிதன்று. 1992-இல் ரியோ டி சனீரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டின் தூண்டுதலால் ஐரோப்பாவில் 1994-இல் சூழல் பள்ளிகள் திட்டம் தோன்றியது. இந்தியாவில் எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கப் பணித்தது. பத்தாண்டு கழித்துத் தேசியப் பசுமைப் படை பள்ளிகளில் மன்றங்களாக உருவெடுத்தது. தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தொடங்கிய பசுமைப் பள்ளிகள் திட்டம் காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்னும் ஆறு துறைகளில் மாணவரே தம் பள்ளியை ஆய்ந்து மதிப்பெண் இடும் முறையை வகுத்தது. வெளியிலிருந்து வல்லுநர் வந்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதைவிட இது மேலான வழி. தானே எண்ணிய எண்ணை மாணவர் எளிதில் மறப்பதில்லை.

ஆயினும் அளவுகோலைக் கையில் எடுக்குமுன் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியின் நீர்ச்செலவு மிகக் குறைவாக இருக்கும். மின்விசிறி பழுதுபட்டுத் தொங்கும் வகுப்பறையின் மின்செலவு ஏறத்தாழச் சுழி. அளவு ஒன்றை மட்டும் பார்த்தால் இவ்விரண்டும் முதற்பரிசுக்கு உரியவையாகத் தோன்றும். தண்ணீரில்லாக் கழிப்பறைக்கு அஞ்சிக் காலை முதல் மாலை வரை ஒரு மிடறும் பருகாமல் அமர்ந்திருக்கும் சிறுமியின் துன்பம் அங்கே சிக்கனம் என்று பதிவாகிவிடும். இதனை நாம் ஒருபோதும் ஏற்றல் ஆகாது. ஆகவே பள்ளியின் சூழல் ஏட்டில் இரண்டு நிரல்கள் வேண்டும். ஒன்றில் நுகர்வு, மற்றதில் குறை. மிகையாகச் செலவானது முதல் நிரலிலும், இருக்க வேண்டியிருந்தும் இல்லாதது இரண்டாம் நிரலிலும் எழுதப்பட வேண்டும். இரண்டும் பக்கம்பக்கமாக நின்றால்தான் எந்தப் பள்ளி குறைக்க வேண்டும், எந்தப் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

நீரை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர அமைவனத்தின் நெறிப்படி பகல்நேரப் பள்ளியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டரும், தங்கிப் பயிலும் பள்ளியில் 135 லிட்டரும் தேவை. இருபது லிட்டர் மட்டுமே கிடைக்கும் பள்ளி எஞ்சிய இருபத்தைந்தை இரண்டாம் நிரலில் எழுதட்டும். எண்பது லிட்டர் செலவிடும் பள்ளி மிகுதியான முப்பத்தைந்தை முதல் நிரலில் எழுதட்டும்.

நீர்மானி இல்லாத பள்ளியில் இதை அளப்பது எவ்வாறு? மேல்தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, நீரேற்றி ஓடாத நேரத்தில் காலையிலும் மாலையிலும் நீர்மட்டத்தைக் கோலிட்டுப் பார்த்தால் அன்றைய செலவு தெரிந்துவிடும். ஒரு குழாயின் வேகத்தை அறிய ஒரு வாளியும் கடிகாரமும் போதும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் வீணாக்குகிறது. இவற்றினும் பயனுள்ள ஆய்வு இரவில் நிகழ்வது. மாலையில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். மறுநாள் காலையில் மட்டம் இறங்கியிருந்தால், ஒருவரும் இல்லாத பள்ளியில் சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ நீர் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மாதக்கணக்கில் எவரும் அறியாத கசிவை இந்த ஓர் இரவு காட்டிக்கொடுத்துவிடும்.

மழைநீரைப் பற்றி நம்மிடையே பெருமிதமும் உண்டு, மிகைப் பேச்சும் உண்டு. 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. நாட்டிற்கே வழிகாட்டிய செயல் அது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர மீட்டர் கூரையுள்ள பள்ளி ஒன்றில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபடுகிறது என்றால் 7,20,000 லிட்டர் கிடைக்கும். பெரிய எண்தான். ஆனால் 500 மாணவருக்கு 45 லிட்டர் வீதம் 200 நாளுக்கு வேண்டியது 45 இலட்சம் லிட்டர். கூரைநீர் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இதனால் சோர்வடைய வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் போதும் என்றால் ஆண்டுத் தேவை 5 இலட்சம் லிட்டர். அதைக் கூரை முழுமையாகத் தந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையோடு ஓய்ந்துவிடுவதால், தை தொடங்கித் தேர்வு முடியும்வரை ஏறத்தாழ எண்பது பள்ளி நாளுக்குச் சேமிக்க 2 இலட்சம் லிட்டர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி வேண்டும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் அதற்கு இடமுண்டு. எஞ்சிய மழையைக் கிணற்றுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இறக்கிவிட வேண்டும்.

இறக்குவதன் பயன் நீரோடு நிற்பதில்லை. 45 இலட்சம் லிட்டர் நீரை 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேற்ற, நீரேற்றியின் திறன் நாற்பது விழுக்காடு எனக் கொண்டால், ஏறத்தாழ 900 அலகு மின்சாரம் செலவாகும். நிலத்தடி நீர்மட்டம் 100 மீட்டருக்கு இறங்கிவிட்டால் அதே நீருக்கு 3,000 அலகு வேண்டும். கூடுதலாகிய 2,100 அலகு, முன்னே கண்ட வகுப்பறையைப் போன்ற நான்கு வகுப்பறைகளின் ஓராண்டு மின்செலவுக்கு நெருங்கி வருகிறது. ஊர் ஏரி தூர்ந்தாலும் ஊருணி வறண்டாலும் அதன் விளைவு பள்ளியின் மின் அட்டையில் வந்து ஏறுகிறது.

கட்டடத்தின் கணக்கு இதனினும் வியப்பானது. நம் கொத்தனார்களும் மேத்திரிகளும் கைக்கணக்காகச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்று சொல்வர். 540 சதுர அடியுள்ள வகுப்பறைக்கு 216 மூட்டை, அதாவது 11 டன்னுக்குச் சற்றுக் குறைவான சிமெண்ட்டும், இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எஃகும் வேண்டும். சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது சூளையின் எரிபொருள் கரிவளியை விடுகிறது. கல்லும் தன்னுள் பிணைந்திருந்த கரிவளியைத் தானே வெளிவிடுகிறது. எரிபொருளை மாற்றினாலும் இந்த இரண்டாம் பங்கு நிற்பதில்லை. டன்னுக்கு 0.7 டன் என்று அடக்கமாகக் கொண்டாலும் சிமெண்ட்டால் மட்டும் ஏழு டன்னுக்கு மேல். எஃகால் இன்னும் நான்கு டன். செங்கல்லை விட்டுவிட்டாலும் மொத்தம் 11 டன்னைத் தாண்டுகிறது. அவ்வறையின் விசிறிகளும் விளக்குகளும் இந்த அளவை எட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டு ஓட வேண்டும்.

ஆகவே இருக்கும் கட்டடத்தை நெடுநாள் காப்பதே பள்ளியால் இயலும் தலைசிறந்த சூழல் பணி. மொட்டைமாடியின் நீர்ப்போக்கியில் அடைத்த சருகை மழைக்கு முன் அகற்றுவதும், சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை வேர்விடுமுன் பிடுங்குவதும், ஓதம் ஏறிய இடத்தைக் காரை உதிருமுன் செப்பனிடுவதும் எளிய பணிகள். இவற்றைச் செய்யாத பள்ளியில் இருபத்தைந்து ஆண்டில் கூரைக் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்து, கட்டடம் இடிக்கத்தக்கதாகிவிடுகிறது. மீண்டும் 11 டன். பழைய ஓட்டுக்கூரைப் பள்ளிகளையும் மரச்சட்டமும் செங்கல்லும் கொண்ட தளக் கட்டடங்களையும் பழமை என்பதற்காகவே இடித்துத் தள்ளும் வழக்கத்தை நான் வன்மையாக மறுக்கிறேன். உறுதியான சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கட்டடம் தன் கரிக்கடனை என்றோ அடைத்துவிட்டது.

இடத்திற்கேற்பக் கட்டுவதற்கு லடாக்கில் ஒரு சான்று உண்டு. அங்கே பே என்னும் ஊரில் செக்மால் என்னும் கல்வி அமைப்பின் வளாகம் மண்சுவரால் எழுப்பப்பட்டுத் தெற்கு நோக்கி ஞாயிற்றின் வெம்மையை உள்வாங்குகிறது. உறைபனிக் காலத்திலும் எரிபொருள் இன்றியே அறைகள் கதகதப்பாக இருக்கின்றன. நமக்கோ சிக்கல் நேர்மாறானது. ஞாயிற்றை வெளியே நிறுத்த வேண்டும். மேற்குப் புறத்தில் வேம்பும் புங்கமும், மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும், கூரைக்கு அருகே வெப்பக்காற்று வெளியேறும் சாளரமும் வைத்தால் பங்குனி வெயிலிலும் அறையின் வெப்பம் உணரத்தக்க அளவு தணிகிறது.

இவற்றை விடுத்துச் சாளரங்களை அடைத்துக் குளிர்பதனக் கருவி பொருத்தும் பள்ளிகள் பெருகி வருகின்றன. ஓர் அறைக்கு இரண்டு கருவிகள், சராசரியாக 1.2 கிலோவாட் வீதம் இழுப்பவை எனில், ஆண்டுக்கு 2,880 அலகு. இரண்டு டன் கரிவளி. விசிறியும் விளக்கும் செலவழிப்பதைப்போல் ஐந்து மடங்கு. கருவியினுள் ஓடும் ஆர்-410ஏ என்னும் குளிரூட்டி வளி கசிந்தால், எடைக்கு எடை கரிவளியைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ கசிவு இன்னும் இரண்டு டன்னுக்குச் சமம்.

அடைத்த அறைக்கு மற்றொரு கேடும் உண்டு. செருமனியின் மூனிக் நகரில் வாழ்ந்த மாக்ஸ் பெட்டன்கோபர் என்னும் நலவியல் அறிஞர் 1858-இலேயே அறைக்காற்றில் கரிவளி ஆயிரத்தில் ஒரு பங்கை, அதாவது பத்து இலட்சத்தில் 1,000 பங்கை, விஞ்சலாகாது என்று வரையறுத்தார். இன்று வெளிக்காற்றிலேயே 420 பங்குக்கு மேல் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் கதவும் சாளரமும் முற்றிலும் மூடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் 3,000 பங்கை எட்டிவிடும். அத்தகைய காற்றில் சோர்வும் தலைவலியும் மிகுகின்றன. ஒருவர் மூச்சில் வெளிவந்த நோய்க்கிருமி மற்றவர் மூச்சில் புகுகிறது. திறந்த சாளரத்தின் அருமையை விலையுயர்ந்த பள்ளிகளே இழந்துகொண்டிருக்கின்றன.

மின்சாரத்தில் வரிசைமுறை இன்றியமையாதது. புதுவகை மின்விசிறி 30 வாட்டிலும், எல்இடி குழல்விளக்கு 20 வாட்டிலும் அதே பணியைச் செய்கின்றன. அவற்றை மாற்றிய வகுப்பறைக்கு 552 அலகுக்குப் பதில் 240 அலகு போதும். பத்து வகுப்பறைப் பள்ளியில் 5,520 அலகு 2,400 ஆகிவிடும். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் கதிரொளித் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 அலகு தரும் என்பதால், மாற்றுமுன் நான்கு கிலோவாட் வேண்டிய பள்ளிக்கு மாற்றியபின் இரண்டுக்கும் குறைவாகவே போதும். முதலில் தகட்டை வாங்கிக் கூரையில் ஏற்றிவிட்டுப் பின்னர் விசிறியைப் பற்றி எண்ணுவது பணத்தையும் பொருளையும் ஒருசேர வீணாக்குவதாகும். பள்ளி பகலில் இயங்குவதால் கதிரொளி மின்சாரம் அதற்கு மிகப் பொருத்தமே. ஆனால் வெயில் உச்சத்தில் இருக்கும் சித்திரையிலும் வைகாசியிலும் பள்ளி பூட்டியிருக்கிறது. மிகையைக் கட்டமைப்புக்குத் திருப்பும் மானி பொருத்தினாலன்றி, அவ்விரு மாத விளைச்சல் எவருக்கும் பயன்படாது.

பூட்டிய பள்ளியிலும் அளக்க ஒன்று உண்டு. கடைசித் தேர்வு நாளில் மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பள்ளி திறக்கும் நாளில் மீண்டும் பார்த்தால், ஒருவரும் இல்லாதபோது ஓடிய மின்சாரம் எவ்வளவு என்பது தெரியவரும். குளிர்பெட்டி, நீர் குளிர்விப்பான், அணைக்காமல் விட்ட கணினி, வளாக விளக்கு ஆகியவை அவ்வெண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

மீண்டும் போக்குவரவுக்கு வருகிறேன். ஏனெனில் பெருஞ்சுமை அங்கேதான் இருக்கிறது. நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும் பள்ளிப் பேருந்து ஆண்டுக்கு 2,000 லிட்டர் டீசல் குடித்து 5.4 டன் கரிவளியை விடுகிறது. ஐம்பது பிள்ளைகள் பயணித்தால் ஆளுக்கு 108 கிலோ. மகிழுந்தோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கே. நடந்தோ மிதிவண்டியிலோ வரும் பிள்ளைக்குச் சுழி. இந்தச் சுழி தானாக வந்ததன்று. 1964 முதல் 1966 வரை செயலாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு அண்மைப் பள்ளி என்னும் கொள்கையை வலியுறுத்தியது. அதற்கும் முன்னரே காமராசர் ஆட்சியில் சிற்றூர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகள், தொடக்கக் கல்விக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைக் கல்விக்கு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி வேண்டும் என்கின்றன. அரசுப் பேருந்தில் மாணவருக்குக் கட்டணமில்லாப் பயண அட்டையும், மேனிலை மாணவருக்கு விலையில்லா மிதிவண்டியும் நம் மாநிலத்தில் வழங்கப்படுகின்றன. இவற்றை வகுத்தோர் கல்வியையும் ஏழைப் பிள்ளையின் நலத்தையும் மட்டுமே கருதினர். புவி வெப்பமாதலைக் கருதவில்லை. எனினும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சூழல் தடத்தைக் குறைத்ததில் இவற்றுக்கு இணையான திட்டம் வேறில்லை என்று துணிந்து கூறுவேன். சேர்க்கை குறைந்ததென்று ஊர்ப்பள்ளி ஒன்று மூடப்படும்போது, அவ்வூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் பல கிலோமீட்டர் வண்டியில் போய்வரும் சுமை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அது ஏற வேண்டும்.

மரம் நட்டு இச்சுமையை ஈடுகட்டிவிடலாம் என்பார் உளர். வளர்ந்த மரம் ஒன்று, இனத்தையும் மண்ணையும் பொறுத்து, ஆண்டுக்குச் சற்றொப்ப இருபது கிலோ கரிவளியை ஈர்க்கலாம். ஒரே ஒரு பேருந்துக்கு 270 மரங்கள் வேண்டும். நட்ட கன்று அந்நிலையை அடையப் பல ஆண்டுகளும் வேண்டும். பள்ளிக்கு மரம் இன்றியமையாதது. ஆனால் நிழலுக்காகவும், பறவைக்காகவும், மண்ணுக்காகவும், பிள்ளைகள் அமர்ந்து படிப்பதற்காகவும் நடப்பட வேண்டும்.

உணவில் கணக்குப் பார்ப்போர் கைநடுங்கிப் பார்க்க வேண்டும். 1956-இல் காமராசர் விரித்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். வளர்த்த சத்துணவும், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தவை. அவற்றின் தடத்தைக் குறைப்பதாகச் சொல்லி ஒரு பிடி சோற்றையோ ஒரு முட்டையையோ குறைக்க எவருக்கும் உரிமையில்லை. குறைக்கத்தக்கது எரிபொருளும் மிச்சமும். ஒரு கிலோ சமையல் எரிவளி எரிந்தால் மூன்று கிலோ கரிவளி உண்டாகிறது. பருப்பை முன்னிரவே ஊறவைப்பதும், மூடியிட்டு வேகவைப்பதும், கரிபடிந்த அடுப்பு முகத்தைத் துலக்குவதும் உருளையின் ஆயுளை நீட்டுகின்றன. விறகடுப்பில் வேறொரு சிக்கல் எழுகிறது. வெட்டிய மரம் மீண்டும் வளருமாயின் விறகின் கரிவளியைச் சுழியாகக் கொள்ளும் முறை உண்டு. தாளில் அது தூயது. புகைசூழ்ந்த கூடத்தில் நாள்தோறும் நிற்கும் சமையலரின் நுரையீரலுக்கோ நஞ்சு. இரண்டாம் நிரலில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

தட்டில் மிஞ்சும் சோற்றை ஒரு வாரம் எடைபோட்டுப் பார்த்தால், எந்த நாளின் எந்த உணவைப் பிள்ளைகள் ஒதுக்குகின்றனர் என்பது தெரியும். அவ்வெண்ணைச் சத்துணவு அமைப்பாளரிடம் கொடுத்துச் சுவையைத் திருத்தச் சொல்வதே முறை. பிள்ளைகளைக் கடிவது முறையன்று. மிஞ்சியது குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் பிறக்கிறது. நூறாண்டு அளவில் அது கரிவளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் பிடிப்பது. பள்ளித் தோட்டத்துக் குழியில் சருகோடு கலந்து மக்கவைத்தால் முருங்கைக்கும் கீரைக்கும் உரமாகிறது.

ஏனைய குப்பையின் எடை பெரும்பாலும் தாளும் நெகிழியும். 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளன; ஆனால் தின்பண்ட உறைகள் இன்னும் பள்ளித் திடலில் பறக்கின்றன. ஆண்டு முடிவில் குறிப்பேடுகளில் எஞ்சும் வெற்றுத்தாள்களைப் பிரித்துத் தைத்து அடுத்த ஆண்டுக்கு ஏடாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பள்ளியே அதை ஏற்று நடத்தலாம்.

இத்தனையும் அளந்தபின் மொத்தத்தை மாணவர் எண்ணிக்கையால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று எழுத வேண்டும். அப்போதுதான் அறுபது பேர் பயிலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியையும் மூவாயிரம் பேர் பயிலும் நகரப் பள்ளியையும் ஒரே தளத்தில் வைத்துப் பார்க்க இயலும். மறு ஆண்டும் அதே மாதத்தில், அதே முறையில் அளக்க வேண்டும். முறையை மாற்றினால் ஒப்பீடு பொய்த்துவிடும். எட்டாம் வகுப்பு எழுதிய ஏட்டை அடுத்த எட்டாம் வகுப்பு பெற்றுத் தொடர்வது நல்ல ஏற்பாடு.

ஏடு ஆசிரியர் அறை அலமாரியில் உறங்கலாகாது. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்திருக்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். முதல் நிரலைக் குழுவும் ஆசிரியரும் மாணவரும் தாமே திருத்திக்கொள்ளலாம்: கசியும் குழாய், பழைய விசிறி, வாயிலில் குவியும் வண்டிகள். இரண்டாம் நிரலைப் பள்ளி தனியாகத் திருத்த இயலாது. கழிப்பறைக்குக் குழாய் இணைப்பு, சமையற்கூடத்திற்குப் புகைபோக்கி, ஒழுகும் கூரைக்குச் செப்பனிடும் நிதி ஆகியவை ஊராட்சியும் அரசும் தர வேண்டியவை. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒன்று. ஆளுக்கு 45 லிட்டர் வேண்டிய இடத்தில் எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்பதைக் குழுவின் தாய்மார் அன்று அவையில் படித்து, தீர்மான ஏட்டில் எண்ணோடு பதியச் செய்யலாம்.